ஒரு விநாடி, மூன்று விநாடி: ரேடியோ கேள்வி–பதில்

போன இதழில் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள் இடுப்பில் மாட்டும் அழைப்புப் பெட்டியான பேஜரைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. ஆகவே டிஷ் ஆன்டெனாவும் ஆம்ப்ளிஃபையர் இரைச்சலும் அடுத்த மாதம் வரை பொறுக்கட்டும். பென்சில்வேனியாவின் மலைப்பக்கத்து ஊர்களில் பதினோரு வருஷம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவன் நான். இந்தப் பதில்களுக்கு என் தகுதி அவ்வளவுதான்.

கேள்வி: மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரைத் தோசைக்குக் கூப்பிட்டிருந்தோம். ஆணி, பெயின்ட் விற்கிற கடைக்காரர். பாதிச் சாப்பாட்டில் அவர் இடுப்பில் இருந்த பெட்டி ‘பூ’ என்று ஒருமுறை, ‘பீ…’ என்று நீளமாக ஒருமுறை கூவியது. பிறகு ஒரு பெண் குரல். மனுஷர் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவிட்டார். அந்தக் கூவல் ஏதாவது ரகசிய மொழியா?
— மன்னார்குடி வாசகி

பதில்: ரகசியமும் இல்லை, மொழியும் இல்லை அம்மா. அது விலாசம். தபால் உறையின் மேலே எழுதியிருப்பது மாதிரி. உள்ளே இருக்கும் கடிதம் அடுத்து வந்த பெண் குரல்தான்: எந்தத் தெரு, என்ன தீ, எந்த வண்டி என்று சாதாரண இங்கிலீஷில் சொல்லிவிடுவார்.

அங்கே தீயணைப்பு வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். கடைக்காரர், வாத்தியார், பால்பண்ணைக்காரர் என்று எல்லாரும் இருப்பார்கள். ஒரு கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருபது, முப்பது நிலையங்கள் இருந்தாலும் அழைப்பு போவது பெரும்பாலும் ஒரே அலைவரிசையில். எல்லார் பெட்டியும் நாள் முழுக்க அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் வாயைத் திறக்காது. தன் ஜோடி டோன், அதாவது நீங்கள் கேட்ட அந்த ‘பூ’, ‘பீ…’, வந்தால்தான் திறக்கும். பத்து மைல் தள்ளி இருக்கிற ஊரில் பூனை மரத்தில் ஏறிய கதைக்கெல்லாம் உங்கள் விருந்தாளி தோசையை விட்டு எழ வேண்டாம், அதற்காகச் செய்த ஏற்பாடு இது.

முதல் டோன் ஒரு விநாடி, இரண்டாவது மூன்று விநாடி. மோட்டோரோலா இதற்கு வைத்த பெயர் ‘குயிக் கால் 2’. இதற்கு முன்னால் வந்த ‘குயிக் கால் 1’-ல் இரண்டு டோன் சேர்ந்து ஒலிக்கும், பிறகு வேறு இரண்டு சேர்ந்து ஒலிக்கும். கேட்டால் லாரி ஹாரன் மாதிரி இருக்கும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பில் இருந்தது அநேகமாக ‘மினிட்டர்’. 1970-களிலிருந்து பல அவதாரம் எடுத்துவிட்டது. அதற்கும் முன்னால் நெப்ராஸ்கா மாநிலத்து ஓவர்ட்டன் என்கிற சின்ன ஊரில் செய்த ‘பிளெக்ட்ரான்’ பெட்டியைச் சமையலறை அலமாரியில் வைத்திருப்பார்கள். அதுவும் இல்லாத காலத்தில் ஊர் நடுவே சங்கு.

டோன் ஏன் இவ்வளவு நீளம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. பழைய பெட்டிகளுக்குள் சிப் கிடையாது, ரீட் இருக்கும். ஹார்மோனியத்தில் இருக்கிறதே, அந்த ஜாதிதான். ஹார்மோனிய ரீட் காற்றில் அதிரும், இது காந்தச் சுருளில் அதிரும். ஒரு ரீட் ஒரு சுருதிக்கு மட்டும்தான் அசைந்து கொடுக்கும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தள்ளில் அது உச்சிக்குப் போகாது. சரியான தாளத்தில் பல தடவை தள்ள வேண்டும். தாளம் கொஞ்சம் தப்பினாலும் முன்னால் தள்ளியதைப் பின்னால் தள்ளியது தின்றுவிடும். முதல் ரீட் ஆடி முடித்ததும் இரண்டாவது ரீட்டுக்குக் கதவைத் திறந்துவிடும். இரண்டாவதும் ஆடினால்தான் ஸ்பீக்கர் பேசும். மனுஷப் பேச்சில் எந்தச் சுருதியும் ஒரு விநாடி அசையாமல் நிற்பதில்லை. அதனால் அந்தப் பெண் உட்கார்ந்து அழைப்பு விடுகிற டிஸ்பாட்ச் அறையில் யார் என்ன பேசினாலும் பெட்டி ஏமாறாது. எப்போதாவது ஏமாறும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அபூர்வம்.

கேள்வி: வீணை கற்றுக்கொடுக்கிறேன். அந்த டோன்களை யூடியூபில் கேட்டேன். ஏதோ ஸ்வரம் மாதிரியும் இருக்கிறது, கொஞ்சம் சுருதி விலகின மாதிரியும் இருக்கிறது. என் காது பழுதா?
— மதுரை வாசகி

பதில்: உங்கள் காதுக்குக் கோவில் கட்டலாம். பழுது மோட்டோரோலா தொகுதி தொகுதியாகப் போட்ட டோன் பட்டியலில்தான்.

அதன் முதல் தொகுதியில் 349.0 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 349 அதிர்வு, என்று ஒரு டோன். கீபோர்டில் நாலு கட்டை 349.2. ஏறக்குறைய சேர்ந்தே இருக்கிறது. அடுத்தது நாலரை கட்டை 370, பட்டியலில் 368.5. ஐந்து கட்டை 392, பட்டியலில் 389.0. ஐந்தரை கட்டை 415.3, பட்டியலில் 410.8. ஆறு கட்டை 440, பட்டியலில் 433.7. நாலு கட்டையில் கைகோத்துப் புறப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பின்தங்குகிறார். ஆறு கட்டைக்கு வரும்போது ஒன்றரை சதவீதம் இறக்கம், தம்புரா போட்டுப் பாடுகிறவர்கள் முகம் சுளிக்கிற அளவு.

காரணம் எளிது. கீபோர்டில் ஒரு ஸ்வரஸ்தானத்திலிருந்து அடுத்ததற்குப் போக சுமார் 5.9 சதவீதம் ஏற வேண்டும். இந்தப் பட்டியலில் 5.6 சதவீதம்தான் ஏற்றம். போட்டவர்கள் எஞ்சினியர்கள், ராகம் பாட வந்தவர்கள் இல்லை. பிறகு டோன் போதாமல் போனதும் ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் இன்னொன்றைச் சொருகினார்கள். நாலாவது தொகுதி என்று பெயர்: 339.6, 358.6, 378.6 என்று போகும். ஆக இப்போது இரண்டு அண்டை டோன்களுக்கு நடுவே மூன்று சதவீதம்கூட இல்லை. இந்த மூன்று சதவீதம் என் மானத்தை வாங்கிய கதை கீழே வருகிறது.

காதாலேயே கண்டுபிடிக்க முடியுமா என்றால், முடியும். தீயணைப்பு நிலையத்தில் வளர்ந்த பிள்ளைகள்கூடத் தங்கள் ஜோடியைத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்ளும். ஹெர்ட்ஸ் கணக்கு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. ‘இது நம்முடையது, அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களுடையது’ என்பது மட்டும் தெரியும்.

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஒஹையோவில் இருக்கும் மாமா, தன் நிலையத்தில் 1990-களில் பதிவு செய்த ஒரு கேசட்டை அனுப்பினார். மோட்டோரோலா டோன்கள்தான் என்கிறார், எண் ஞாபகம் இல்லையாம். கம்ப்யூட்டரில் ஏற்றி 50 மில்லிவிநாடித் துண்டுகளாக வெட்டி, எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எஃப்.எஃப்.டி. கணக்குப் போட்டேன். 360, 380 என்று தாவியது. பெரிய துண்டாக எடுத்தபோது முதல் டோன் 373.5, இரண்டாவது 464 என்று நிலையாக வருகிறது. ஆனால் பட்டியலில் அந்த எண்களே இல்லை. பட்டியல் தப்பா, நான் தப்பா?
— கோயம்புத்தூர் மாணவர்

பதில்: தம்பி, நீயும் தப்பில்லை, பட்டியலும் தப்பில்லை. கேசட் டெக்தான் குற்றவாளி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

50 மில்லிவிநாடி என்பது விநாடியில் இருபதில் ஒரு பங்கு. அவ்வளவு நேரம் மட்டும் கேட்டால் எஃப்.எஃப்.டி. 20 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பெட்டிகளாகத்தான் பிரித்துக் கொடுக்கும். நீ தேடும் இடத்தில் டோன்கள் பத்து ஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன. முறத்தால் உப்பைச் சலித்த கதை. முதல் டோன் ஒரு விநாடிதான் இருக்கும் என்பதால், தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு நடுவில் அரை விநாடி எடு. இரண்டு ஹெர்ட்ஸ் வரை பிரிந்து தெரியும், அது போதும். ஆடாசிட்டி என்கிற ஒலி மென்பொருளில் பார்ப்பதென்றால், விநாடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் பதிந்த ஒலிக்குத் துண்டின் அளவு 32768 மாதிரி வை, அது முக்கால் விநாடி. ஆசைப்பட்டு 65536 போட்டால் ஒன்றரை விநாடி வேண்டும், முதல் டோன் அவ்வளவு நேரம் இருக்காது, இரண்டாவதும் சேர்ந்து குழம்பும்.

இனி அந்த 373.5. பட்டியலில் 368.5 இருக்கிறது, 378.6 இருக்கிறது. நீ சரியாக நடுவில் நிற்கிறாய். 464-ம் அப்படியே: கீழே 457.9, மேலே 470.5. அதாவது உன் கேசட் ஒன்றேகால் சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வேகமாக ஓடியிருக்கிறது, அல்லது அதே அளவு மெதுவாக. எது?

டேப் வேகம் மாறினாலும் இரண்டு டோனுக்கும் உள்ள விகிதம் மாறாதே, அதை வைத்துப் பிடித்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வகுத்துப் பார்: 457.9-ஐ 368.5-ஆல் வகுத்தால் 1.243. 470.5-ஐ 378.6-ஆல் வகுத்தாலும் 1.243. பட்டியல் சம விகிதத்தில் ஏறுவதால் வந்த வினை. நாலு கட்டையில் பாடினாலும் நாலேகால் கட்டையில் பாடினாலும் மோகனம் மோகனம்தான். பாட்டை மட்டும் கேட்டு ஆதார சுருதியைக் கண்டுபிடிக்க முடியாது. தம்புரா வேண்டும்.

அந்தக் கேசட்டிலேயே ஒரு தம்புரா இருக்கிறது: கரண்ட் ரீங்காரம். ஒஹையோவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பதிவு செய்த டெக்கின் பவர் சப்ளையிலிருந்து 60-ம், அதன் இரட்டிப்பான 120-ம் கொஞ்சமாவது டேப்பில் ஏறியிருக்கும். யாரும் பேசாத இடமாகப் பார்த்து, பத்து விநாடி நீளத்துக்கு எடுத்து, 120-க்குப் பக்கத்தில் தேடு. 121.6-ல் முனை தெரிந்தால் டேப் வேகமாக ஓடுகிறது, உன் டோன்கள் 368.5, 457.9. 118.4-ல் தெரிந்தால் மெதுவாக ஓடுகிறது, 378.6, 470.5. ஜாக்கிரதை: 50-லும் 100-லும் சுத்தமாக முனை தெரிந்தால் அதைத் தொடாதே. அது உன் வீட்டு டேப்ரிக்கார்டர் வழியாக நம் மின்வாரியம் செய்யும் கைவரிசை.

வேகத்தைத் திருத்தின பிறகு நூறு கேசட் இருந்தாலும் கவலை இல்லை. முழு எஃப்.எஃப்.டி. கூட வேண்டாம். ஜெரால்ட் கோர்ட்ஸெல் 1958-ல் ஒரு கணக்கு முறை வெளியிட்டார். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு டோனுக்கும் ஒரு காது என்று உட்கார வைத்துவிடலாம், பழைய ரீட் மாதிரியே. ஒரு டோன் முக்கால் விநாடிக்குக் குறையாமல் நின்று, உடனே அடுத்தது இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் மட்டும் ‘ஆம்’ என்று எழுது. சத்தம் எவ்வளவு பெரிது என்று பார்க்காதே. மொத்த ஒலியில் அந்த டோனின் பங்கு எவ்வளவு என்று பார். எழுத அலுப்பாக இருந்தால் ‘டூடோன்டிடெக்ட்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது; ஆனால் மூன்றாம் வருஷ மாணவன் நீயே எழுதுவதுதான் அழகு.

என் மானம் போன கதையையும் சொல்லிவிடுகிறேன், நீ தனி ஆளில்லை என்பதற்காக. 1989 குளிர்காலம். ஒரு சின்ன நிலையத்திலிருந்து ஆறு வீட்டு ரிசீவர்கள் வந்தன. ரீட் உறைகளில் எழுத்து அழிந்திருந்தது. டிஸ்பாட்ச் அறைக்குப் போன் போட்டேன். “உங்க நிலையமா, பதினாலாம் பட்டன்” என்றாள் அந்தப் பெண். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், பட்டனுக்குப் பின்னால் என்ன டோன் என்று அவள் ஏன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்? நிலையத்தில் ஒரு கேசட் கொடுத்தார்கள். அப்போது எஃப்.எஃப்.டி. எல்லாம் என் பட்டறைக்கு வரவில்லை. அதிர்வுகளை எண்ணும் ஃபிரீக்வென்ஸி கவுன்ட்டரில் ஒரு விநாடி எண்ணினால் ஓர் எண் கூடக் குறைய வரும், டோனே ஒரு விநாடிதான். அதனால் டேப்பை வெட்டி வளையமாக ஒட்டி, அது சுற்றிச் சுற்றி வர, வேண்டிய சுருதியில் ஒலி தரும் ஆசிலேட்டரைத் திருகினேன். அதிர்வைத் திரையில் படமாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் ஒரு அச்சில் டேப், இன்னொரு அச்சில் ஆசிலேட்டர். இரண்டும் சேராத வரை திரையில் வட்டம் புரண்டுகொண்டே இருக்கும், சேர்ந்ததும் நின்றுவிடும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கிற அதே வேலை, கண்ணால். நின்ற இடம் 617.4. அடுத்தது 767.4. இரண்டும் பட்டியலில் அச்சு அசலாக இருந்தன. எனக்கு ஒரே பெருமை. பன்னிரண்டு ரீட் ஆர்டர் செய்து, மாட்டிக் கொடுத்து, கூலியும் வாங்கிவிட்டேன்.

திங்கள் சாயங்காலம் வாராந்தரச் சோதனை. ஆறு பெட்டியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

உண்மையான டோன்கள் 600.9, 746.8. என் பட்டறை டெக் இரண்டேமுக்கால் சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. ஒரு தொகுதியிலிருந்து பக்கத்துத் தொகுதிக்குத் தள்ள அதுவே கச்சிதமான அளவு. உன் கேசட்டாவது நடுவில் நின்று சந்தேகத்தைக் கிளப்பியது. என்னுடையது பக்கத்து வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்து, இதுதான் உன் வீடு என்றது. பன்னிரண்டு ரீட்டின் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த நிலையத்துத் தலைவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த திங்கள் சோதனையின்போது மட்டும் என் கடை வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

120-ல் என்ன தெரிந்தது என்று எனக்கு எழுது.

கேள்வி: ஆளுக்கு ஒரு செல்போன் இருக்கிற காலத்தில் இந்த ‘பூ… பீ…’ எதற்கு?
— கரூர் வாசகர்

பதில்: செல்போனில் நாற்பது பேரைக் கூப்பிட நாற்பது தடவை பொத்தான்களும் டவர்களும் வேலை செய்ய வேண்டும். டோனில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டர், நாற்பது இடுப்பும் ஒன்றாகக் கூவும். மலை இடுக்குகளில் செல் சிக்னலே எட்டாத ஊர்கள் இன்றும் உண்டு. இப்போது பெரும்பாலான இடங்களில் இரண்டையும் வைத்திருக்கிறார்கள். போனில் ஆப், இடுப்பில் பேஜர்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு ஜோடிக்கு நாலு விநாடி. பெரிய தீ, பத்து நிலையம் வேண்டும் என்றால் ஒன்றன் பின் ஒன்றாகப் பத்து ஜோடி, நாற்பது விநாடி. அதுவரை அந்தப் பெண் வாய் திறக்க முடியாது. வீடு எரிகிறவனுக்கு நாற்பது விநாடி என்பது சின்னக் காலம் இல்லை. நான் அங்கே இருந்தபோது எல்லாரும் சபித்தது இதைத்தான். ஒரு குழு முழுவதையும் எழுப்ப எட்டு விநாடி ஒரே டோனாக அடிப்பதும் உண்டு. ஆனால் வேண்டிய பத்து நிலையமும் ஒரே குழுவில் இருக்கும்படியா தீ பிடிக்கிறது?

2013 ஜனவரி முதல் தேதிக்குள் அமெரிக்க அரசு 150–174, 421–470 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் உள்ள இந்த வகை அலைவரிசைகளைப் பாதி அகலத்துக்குக் குறுக்கச் சொன்னது. 25 கிலோஹெர்ட்ஸ் இருந்தது 12.5 ஆனது. பழைய பெட்டிகளில் குரலும் டோனும் மெலிந்து கேட்டன. ‘என் பேஜர் செத்துவிட்டது’ என்று வந்தவர்களில் பலருடைய பேஜர் சாகவில்லை, காலம் மாறியிருந்தது என்று என் பழைய முதலாளி போனில் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அந்த வருஷம் நல்ல வியாபாரம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து ஒரு ஸ்கேனர் (பல அலைவரிசைகளை மாற்றி மாற்றிக் கேட்கும் ரேடியோ) வாங்கி வந்து நம்மூர் தீயணைப்பு, போலீஸ் அலைவரிசைகளைக் கேட்கலாமா?
— நெல்லை வாசகர்

பதில்: கூடாது. அங்கே ரகசியக் குறியாக்கம் செய்யாத தீயணைப்பு, போலீஸ் பேச்சைப் பொதுஜனம் கேட்க மத்தியச் சட்டம் இடம் தருகிறது. காரில் ஸ்கேனர் வைக்கக் கூடாது என்று சில மாநிலங்களில் தடை இருக்கிறது. யூனிடன் கம்பெனி ஸ்கேனரில் ‘ஃபயர் டோன் அவுட்’ என்று தனி வசதியே கொடுக்கிறார்கள். இரண்டு டோனுக்கும் பூஜ்யம் என்று போட்டு வைத்தால், வருகிற ஜோடியின் எண்ணை அதுவே திரையில் காட்டிவிடும். நான் பன்னிரண்டு ரீட்டுக்குக் கொடுத்த காசில் இப்போது அது வந்துவிடும் போலிருக்கிறது.

இங்கே கதை வேறு. உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது என்று 1933-லேயே சட்டம் போட்டார்கள். 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி கேட்கிறது. ஆசை இருந்தால் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ, உரிமத்துக்குப் பரீட்சை எழுதுங்கள், அந்த அலைவரிசைகளில் விளையாடுவதற்கு ஒரு ஆயுள் போதாது. டோன் பிரித்துப் பழக வேண்டும் என்றால், கீபோர்டில் ஒரு கட்டையை ஒரு விநாடி, இன்னொன்றை மூன்று விநாடி அமுக்கிப் பதிவு செய்து, மேலே கோயம்புத்தூர்த் தம்பிக்குச் சொன்ன வழியில் எண்ணைக் கண்டுபிடியுங்கள். நாலு கட்டை 349.2 வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அந்தப் பெட்டிக்காரர் திரும்பி வந்து மீதித் தோசையைச் சாப்பிட்டாரா? மன்னார்குடி அம்மாளின் கடிதத்தை ஆசிரியர் எனக்கும் காட்டினார், அதனால் கேட்கிறேன்.
— இந்த இதழின் பிழைதிருத்துநர்

பதில்: கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள், நீங்கள் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் புகைநாற்றத்தோடு வந்தாராம். யார் வீட்டிலோ புகைபோக்கியில் தீ. அம்மாள் புதிதாக மாவு கரைத்து ஊற்றிக் கொடுத்தார்களாம். நாலு சாப்பிட்டாராம். பெட்டியை மேஜைமேல் வைத்துக்கொண்டே.